எமிட்டரில் ஒரு ரெசிஸ்டர்

செலஸ்தீனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கடற்கரை ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்கிறவர். அதற்குச் சத்தம் கூட்டும் ஆம்ப்ளிபயர் கட்ட அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தா டீச்சருக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். இருந்தால் என்ன, குரு குருதான். டீச்சரின் பட்டறைக்குள் அவர் செருப்போடு நுழைந்ததில்லை.

அன்று மதியமே வானம் கறுத்துவிட்டது. மழையில் கடல் எது கரை எது என்று தெரியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் வள்ளங்கள் ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் பாறையில் மோதாமல் உள்ளே வரும். கடலுக்குப் போன எல்லாரும் வந்துவிட்டார்கள். செலஸ்தீனின் மகன் ரீகன் மட்டும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்தா ஒலிபெருக்கி செத்துப்போக வேண்டும்!

டீச்சர் ஓடிவந்து ஆம்ப்ளிபயரின் மூடியைக் கழற்றினாள். சத்தத்தைப் பெருக்கும் டிரான்சிஸ்டர் கருகியிருந்தது. அதன் மூன்று கால்களில் கரண்ட் வெளியேறும் கால்தான் எமிட்டர்.

“எமிட்டர் கால்ல இருந்த ரெசிஸ்டர் எங்கண்ணே?”

செலஸ்தீன் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார்.

“நான்தான் எடுத்துட்டேன் டீச்சர். அது சத்தத்தைத் தின்னுது. எடுத்ததும் திருவிழா மாதிரி எகிறிச்சு.”

“எகிறும். அப்புறம் சூடாகும். சூடானா கரண்ட் கூடும், கரண்ட் கூடினா இன்னும் சூடாகும். கரண்டைப் பிடிச்சு நிறுத்த அந்த ரெசிஸ்டரை விட்டா யாரு இருக்கா?”

வேறொரு டிரான்சிஸ்டரை எடுத்தாள். கையில் இருந்தது அது ஒன்றுதான். அதன் எமிட்டர் காலில் ரெசிஸ்டரை வைத்து, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்தாள்.

செலஸ்தீன் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“வேண்டாம் டீச்சர்! சத்தம் குறைஞ்சா பிள்ளைக்குக் கேக்காது!”

குருவின் கையைப் பிடிக்கிறோமே என்று அவருக்கு உறைக்கவில்லை. பயம் அவரை அப்படி ஆட்டியது.

“கையை விடுங்கண்ணே.”

விட்டார். அவள் பற்றவைத்து முடித்தாள்.

ஒலிபெருக்கி உயிர்பெற்றது. தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் முன்னைவிடச் சத்தம் குறைவு. செலஸ்தீன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “ரீகன்! எலேய் ரீகன்! இந்தப் பக்கம் வால!” என்று கத்தினார். கத்திக்கொண்டே இருந்தார்.

டீச்சர் டிரான்சிஸ்டரை விரலால் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

செலஸ்தீன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

“சத்தம் பத்தலையே டீச்சர். பிள்ளைக்குக் கேக்குமா?”

“தெரியாதுண்ணே. அவன் எப்போ காது குடுத்தாலும் இது பேசிக்கிட்டு இருக்கும். கையை எடுங்க, கூப்பிடுங்க.”