நடுவில் நின்ற பூவாத்தா

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஓர் ஏரியில் ஏழு கூழைக்கடாக்கள் வாழ்ந்தன. ஒரு கோடையில் ஏரி வற்றிப் போனது. தண்ணீர் இருக்கும் அடுத்த ஏரியோ பல நாள் பயணம். சேர்ந்து பறந்து சேர்ந்து இறங்க வேண்டும். ஒரு மூச்சுக்கு எவ்வளவு தூரம் பறப்பது?

செல்லாத்தா தன்னால் நான்கு காதம் முடியும் என்றாள். அவள் அக்கா பூவாத்தா ஆறு என்றாள். மற்ற நால்வர் ஐந்து, ஐந்து, ஏழு, ஏழு. பெரிய சிறகுக்காரர் கொம்பையா மட்டும் முப்பத்தாறு. எல்லாம் கூட்டினால் எழுபது. ஏழாகப் பங்கிட்டால் பத்து.

"பத்துக் காதம் பறந்துதான் இறங்குவது" என்று முடிவானது.

முதல் நாளே கொம்பையாவைத் தவிர ஆறு பேரும் பாதி வழியில் முள்காட்டில் விழுந்தார்கள். செல்லாத்தாவுக்குக் கழுத்தைத் தூக்கவும் தெம்பில்லை. பூவாத்தா ஒரு குட்டையிலிருந்து அலகுப்பையில் நீர் கொண்டுவந்து தங்கையின் வாயில் ஊற்றினாள். இரண்டு நாள் அவளை விட்டு நகரவில்லை. 'பத்து என்றது யாருடைய பலம்?' என்ற கேள்வி பூவாத்தாவைக் குடைந்தது.

முன்னால் போய்விட்டு அவர்களைத் தேடித் திரும்பி வந்த கொம்பையாவிடம் சொன்னாள்:

"அண்ணே, உங்க முப்பத்தாறுதான் எங்க எல்லாரையும் பத்துக்கு இழுத்துடுச்சு. குறைஞ்ச பலத்திலேர்ந்து கூடின பலம் வரைக்கும் வரிசையா நிப்போம். நடுவுல நிக்கிறவங்க அளவை எடுத்துக்குவோம்."

நின்றார்கள். இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் மூவர். நடுவில் பூவாத்தாவே நின்றாள். ஆறு காதம்.

"நான் நூறு காதம் பறந்தாலும்?" என்றார் கொம்பையா.

"அப்பவும் நடு ஆறுதான், அண்ணே."

அவர் சிரித்துத் தலையசைத்தார்.

"எனக்கு ஆறும் அதிகம், அக்கா" என்றாள் செல்லாத்தா.

"நான் முன்னால போறேன். எங்க இறக்கைக் காத்து உன்னைத் தாங்கும்."

பூவாத்தா முனையில் பறந்தாள். பலம் குறைந்தவர்கள் இடப்புறமும் கூடியவர்கள் வலப்புறமும் சரிந்து வந்தார்கள். ஆறு காதத்தில் இறங்கி, இளைப்பாறி, மீண்டும் எழுந்தார்கள். ஐந்தாம் நாள் கீழே நீர் பளபளத்தது. பூவாத்தா திரும்பிப் பார்த்து எண்ணினாள். ஏழு பேரும் இருந்தார்கள். நெஞ்சு லேசானது.

கூழைக்கடாக்கள் நடுப்பறவையை முனையில் விட்டு, இருபுறமும் சரிந்து அம்புபோலப் பறப்பது அன்று முதல்தான்.