நிழல் அளந்த முள்ளம்பன்றி

மலையடிவாரக் காடு ஒன்றில் ஒரு முள்ளம்பன்றி தன் குட்டியோடு வளையில் வாழ்ந்து வந்தது. அந்தக் காட்டில் எல்லா வேலைக்கும் பாறையின் நிழல்தான் அளவு. நிழல் ஒரு சாண் நகர்வதற்குள் முடிந்தால், அது ஒரு சாண் வேலை.

ஒருநாள் மழை விட்டு வெயில் வந்த வேளையில் மண் சரிந்து வளையின் வாயை மூடிவிட்டது. நல்லவேளை, தாயும் குட்டியும் கிழங்கு தேடப் போயிருந்தன. பக்கத்து வெள்ளெலிகள் அத்தனையும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கமாகத் தோண்டின. நிழல் ஒரு சாண் நகர்வதற்குள் வழி திறந்துவிட்டது.

“இந்த உதவியை மறக்கவே மாட்டேன்” என்று முள்ளம்பன்றி மனம் நெகிழ்ந்து சொன்னது.

அடுத்த மழை விட்டு வெயில் வந்ததும் மறுபடியும் மண் சரிந்தது. இம்முறை குட்டி உள்ளே இருந்தது. உருண்டு வந்த கல் பட்டுத் தாயின் முன்கால்கள் வீங்கிப்போயின. அது நொண்டிக்கொண்டே வெள்ளெலிகளிடம் போனது.

“தம்பிகளே, குட்டி உள்ளே மாட்டிக்கொண்டது. ஒருவர் வந்தால் போதும். ஒரு சாண் வேலைதானே? எல்லாரையும் சிரமப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.”

“ஒருவர் எப்படியக்கா போதும்?” என்று ஒரு வெள்ளெலி கேட்டது.

“அன்றைக்கு நான்தான் நிழலைப் பார்த்தேனே. நீயே வா” என்று அதையே கூட்டிக்கொண்டு போனது.

நல்ல மனசுதான். கணக்கில்தான் கோட்டை விட்டது.

வெள்ளெலி தோண்டியது. நிழல் ஒரு சாண் நகர்ந்தது. இன்னும் ஒரு சாண் நகர்ந்தது. பள்ளம் முழங்கால் ஆழம்கூட இல்லை. உள்ளே குட்டியின் அழுகுரல் தேய்ந்துகொண்டே வந்தது.

“ஏன் தம்பி இவ்வளவு தாமதம்?”

“அன்றைக்கு நிழல் ஒரு சாண்தான் நகர்ந்தது அக்கா. ஆனால் எங்களில் ஒவ்வொருவரும் அந்த ஒரு சாண் நேரமும் உழைத்தோம். அத்தனை பேர் உழைப்பையும் நான் ஒருவனே எப்படித் தருவேன்?”

முள்ளம்பன்றி வீங்கிய காலோடு ஓடி, “எல்லாரும் வாருங்கள்” என்று கூப்பிட்டது. கூட்டம் முழுதும் வந்து மண்ணைப் பறித்தது. சற்று நேரத்தில் குட்டி இருமிக்கொண்டே வெளியே வந்தது.

தாய் ஒவ்வொரு வெள்ளெலியாகத் தேடிப்போய், சேறு படிந்த பாதங்களைப் பார்த்துத் தனித்தனியே நன்றி சொன்னது. அது கடைசி வெள்ளெலியிடம் வருவதற்குள் பொழுதே சாய்ந்துவிட்டது.

“போதும் அக்கா, போய்க் குட்டிக்குப் பால் கொடுங்கள்” என்றது அந்த வெள்ளெலி.

நீதி: பலர் கூடிச் செய்த வேலை சீக்கிரம் முடிந்தது என்பதால் அதைச் சிறிய வேலை என்று எண்ணாதே.