கொண்டையன் தட்டாத தாளம்

ஒரு காட்டில் பந்தாட்டம் என்றால் யானைகூடக் குளிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நிற்கும். அப்படி ஒரு பைத்தியம் அந்தக் காட்டுக்கு.

ஆட்டம் நடப்பது வற்றிய ஏரியின் நடுத்திடலில். பந்து, காட்டுக்கொடியை உருட்டிப் பின்னியது. திடலின் இரண்டு முனைகளிலும் இரண்டிரண்டு கரையான் புற்றுகள் உண்டு. புற்றுகளுக்கு நடுவே பந்து போனால் கோல்.

மரத்தில் வாழ்கிறவர்கள் ஓர் அணி. அவர்களுக்கு மரத்தார் என்று பெயர். மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்கிறவர்கள் இன்னோர் அணி, அவர்கள் வளையார். மரத்தார் வளையாரை ‘மண்ணுருட்டிகள்’ என்பார்கள். வளையார் மரத்தாரைத் ‘தொங்கட்டான்கள்’ என்பார்கள். எல்லாம் பழைய கேலி, யாருக்கும் வலிக்காது என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டார்கள். வலிக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

நடுவர் ஆமை. அது மரத்திலும் ஏறாது, வளையிலும் குடியிருக்காது. அதனால் இரண்டு அணியும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அதுதான்.

மரத்தார் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்தின்போது கூட்டம் இஷ்டத்துக்குப் பாடிவிட முடியாது. திடலோரம் நின்ற பட்டுப்போன மருத மரத்தில் உள்ளே பொந்து விழுந்த கிளை ஒன்று உண்டு. அதற்குத் தாளக்கிளை என்று பெயர். அதில் உட்கார்ந்திருக்கும் தாளக்காரர் மூன்று முறை தட்டிய பிறகுதான் பாட்டு கிளம்பும். தட்டுக்குக் காத்திருக்காமல் கூட்டம் தானாகப் பாடிவிட்டால், ‘உன் தாளம் எங்களுக்கு வேண்டாம்’ என்று அர்த்தம். தாளக்காரர் மறுபேச்சில்லாமல் கிளையை விட்டு இறங்கிவிட வேண்டும்.

அந்தக் கிளையில் அப்போது இருந்தது கொண்டையன் என்ற மரங்கொத்தி. நான்கு கோடை அலைந்து, தலை கிறுகிறுக்கும்வரை பழகி வாங்கிய இடம். தாளக்கிளையில் உட்கார்ந்துவிட்டால் கொண்டையனுக்குச் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். தன் அலகு தட்ட, முந்நூறு தொண்டைகள் ஒன்றாக எழும்பும் அந்த நொடிக்காகவே அது உயிர் வாழ்ந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ஆறு கரையை மீறி வளைகளுக்குள் புகுந்தது. வளையார் அணியின் கோல்கீப்பர் முள்ளப்பன் என்ற முள்ளம்பன்றி. அதன் மூன்று குட்டிகளும் அந்த வெள்ளத்தில் போய்விட்டன.

ஏரி வற்றி முதல் ஆட்டம் வந்தபோது, முள்ளப்பனும் வந்து புற்றுகளுக்கு நடுவே நின்றது. அதைத் தாண்டிக் கோல் போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. பந்து முள்ளில் குத்திக்கொண்டால் ஆமை வந்துதான் பிடுங்கித் தர வேண்டும். ஆமை நடந்து வந்து சேர்வதற்குள் மரத்தாரின் வேகமெல்லாம் ஆறிப்போகும்.

அன்றும் அப்படி ஆறிக்கொண்டிருந்தபோது, மரத்தார் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு புதுப்பாட்டு முணுமுணுப்பாகப் பரவியது. யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. தட்டு, தட்டு என்று நாலு பக்கமும் கொண்டையனை நச்சரித்தார்கள். கொண்டையன் பாட்டின் வார்த்தைகளைக் காதில் வாங்கவில்லை. தாளம் நன்றாயிருந்தது. மூன்று முறை தட்டியது. முந்நூறு தொண்டைகளும் எழும்பின.

“மழை வருது, மழை வருது, வளையைச் சாத்து!
மிதக்குது பார், மிதக்குது பார், முள்ளுக் குட்டி!”

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனாலும் முள்ளப்பன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தது. அதற்குள் ஆமை பிடுங்கித் தந்திருந்த பந்தை மரத்தார் உதைக்க, அது முள்ளப்பனின் காலருகே மெதுவாக உருண்டு போனது. ஓர் எலிக்குஞ்சுகூட நிறுத்தியிருக்கும். கோல்.

மரத்தார் கிளைக்குக் கிளை குதித்தார்கள். மேலே இருந்ததால் கொண்டையனுக்கு எல்லாம் தெரிந்தது. பாட்டு முடிந்த பிறகும் முள்ளப்பன் வானத்தையே பார்த்தபடி நின்றது. அப்போதுதான் பாட்டின் வார்த்தைகள் கொண்டையனின் காதில் ஏறின. தன் அலகே அதற்குக் கசந்தது.

விசாரித்ததில், பாட்டைக் கட்டியது கருமுகன் என்ற குரங்கு என்று தெரிந்தது. கருமுகன் ஒன்றும் கொடியதில்லை. வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். கொண்டையன் அதனிடம் போய், அந்தப் பாட்டு இனி வேண்டாமே என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தது.

கருமுகன் சிரித்தது. முந்நூறு பேர் பாடியிருக்க, தன்னை மட்டும் பிடிப்பானேன் என்றது. ஆட்டம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், திடலில் பாடியது திடலோடு போச்சு என்றது. கொண்டையன் விடாமல் நிற்கவே, அதற்கு எரிச்சல் வந்துவிட்டது.

“தம்பி, அடுத்த ஆட்டத்துல நீ தட்டலைன்னா நாங்களே பாடிடுவோம். அப்புறம் உன் கிளை உனக்கு இல்லை, பார்த்துக்க.”

கொண்டையன் தன் கிளைக்குத் திரும்பியது. தட்டினால் முள்ளப்பனின் முகம் கண்முன் வந்து நிற்கும். தட்டாவிட்டால் நான்கு கோடைகள் அலைந்து வாங்கிய கிளை போய்விடும். கிளை போனாலாவது பாட்டு நிற்குமா என்றால் அதுவும் இல்லை. வேறு யாராவது வந்து உட்கார்ந்து தட்டுவார்கள். ஒரு மாதம் முழுக்க அது புழுவைக்கூடச் சரியாகத் தின்னாமல் மண்டையைக் குடைந்துகொண்டு திரிந்தது.

அடுத்த ஆட்டம் வந்தது. முள்ளப்பனைப் போக வேண்டாம் என்று வளையார் எவ்வளவோ தடுத்தார்களாம். அது கேட்காமல் வந்து தன் இடத்தில் நின்றது. பாதி ஆட்டம்வரை யாரும் கோல் போடவில்லை. மரத்தார் கூட்டத்துக்குப் பொறுமை போய்விட்டது. மழைப்பாட்டு, மழைப்பாட்டு என்று கூச்சல் கிளம்பியது. முந்நூறு முகங்களும் தாளக்கிளையைப் பார்த்துத் திரும்பின.

கொண்டையன் தட்டவில்லை. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் பறவை அது. கிளையைப் பிடித்த பிடியில் அதன் நகம் மரத்தில் பதிந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“புதுப்பாட்டுன்னா, கட்டினவரு முன்கிளைக்கு வந்து தனியா எடுத்துக் கொடுக்கணும். அதுதான் நம்ம வழக்கம். போன ஆட்டத்துல நான் அதைக் கேட்காம விட்டது தப்பு. கருமுகன் அண்ணே, வந்து எடுத்துக் கொடுங்க. கூட்டம் வாங்கிப் பாடிட்டா, நான் இப்பவே இறங்கிடறேன்.”

அப்படி ஒரு வழக்கம் இருந்தது உண்மைதான். கோல் அவசரத்தில் எல்லோரும் அதை மறந்திருந்தார்கள். உயிராக நினைத்த இடத்தைத் தானே தூக்கிக் கூட்டத்தின் முன்னால் வைத்ததே அந்தச் சின்ன மரங்கொத்தி, அதன் நெஞ்சை என்னவென்று சொல்வது!

கூட்டம் குஷியாகிவிட்டது. கருமுகனை முதுகில் தட்டி அனுப்பியது. கருமுகனுக்கு என்ன பயம்? நாலே தாவலில் முன்கிளைக்கு வந்துவிட்டது.

முன்கிளை எங்கே இருக்கிறது தெரியுமா, பிள்ளைகளே? வளையார் கோலுக்கு நேர் மேலே. கீழே முள்ளப்பன். முந்நூறு பேருக்கு நடுவிலிருந்து பார்த்தபோது அது வெறும் முள்ளுருண்டை. இங்கிருந்து பார்த்தால் அதற்கு இரண்டு கண்கள் இருந்தன.

கருமுகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மழை வருது, மழை வருது...” என்று தொடங்கியது. தனிக்குரல் திடலில் போய் விழுந்தது. அது தன் குரல்தானா என்று கருமுகனுக்கே சந்தேகமாக இருந்தது. முள்ளப்பன் நிமிர்ந்தது. இந்தத் தடவை வானத்தைப் பார்க்கவில்லை. கருமுகனைப் பார்த்தது.

“பாடு,” என்றது முள்ளப்பன். அதன் குரலில் கோபம் இல்லை. “ஆனா பேரைச் சொல்லிப் பாடு. மூத்தது வரிச்சி. அடுத்தது ஊசி. கடைசிக்கு இன்னும் பேர் வைக்கலை. அதை எப்படிப் பாடுவியோ, நீயே பார்த்துக்க.”

கருமுகனின் வாய் திறந்தபடியே இருந்தது. அடுத்த அடி அதன் நாக்கில்தான் இருந்தது. தானே கட்டிய அடி. வெளியே வரவில்லை. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, வேறு யாராவது வந்து எடுத்துக் கொடுங்களேன் என்று கேட்டது. போன மாதம் தொண்டை கிழியப் பாடிய மரநாய் தன் வாலைப் பார்த்தது. அணிலுக்குத் திடீரென்று ஏதோ கொறிக்க வேண்டியிருந்தது. முந்நூறு பேரில் முன்கிளைக்கு வர ஒருவரும் இல்லை.

கொண்டையன் கூட்டத்தையே பார்த்தபடி காத்திருந்தது. பின்வரிசையில் யாராவது ஒருவர் துணிந்து பாடி, நாலு பேர் சேர்ந்துகொண்டால் போதும், கிளை போய்விடும். யாரும் பாடவில்லை. கருமுகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தாளக்கிளைப் பக்கம் வந்தது.

“தம்பி, வேற பாட்டுக்குத் தட்டு,” என்றது.

கொண்டையன் மூன்று முறை தட்டியது. மரத்தார் தங்கள் அணியைத் தாங்களே புகழ்ந்துகொள்ளும் பழைய பாட்டு கிளம்பியது. அதில் முக்கால்வாசி புளுகு. ஆனால் அது யாரையும் குத்தாத புளுகு. முதலில் மெல்லத் தொடங்கி, பிறகு திடலே அதிரும்படி பாடினார்கள். மரங்கொத்தி தட்டிய தாளத்தில் அதுவரை கேட்காத ஒரு துள்ளல் இருந்தது.

முள்ளப்பன் அன்று நான்கு பந்துகளைத் தடுத்தது. இரண்டை முள்ளில் வாங்கி ஆமையை நடக்க வைத்தது. மரத்தார் ஒரு கோலில் தோற்றார்கள். தோற்ற கோபத்தில் ஆமையைத் திட்டினார்கள், காற்றைத் திட்டினார்கள். மழைப்பாட்டை யாரும் வாயில் எடுக்கவில்லை. தாளக்காரரை மாற்ற வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கொண்டையன் கிளையை விட்டுக் கீழே வந்தது. புற்றருகே முள்ளப்பன் முள்ளில் ஒட்டிய கொடி நாரை உதறிக்கொண்டிருந்தது. கொண்டையன் அதன் முன்னால் போய் நின்றது.

“அண்ணே, போன ஆட்டத்துல அந்தப் பாட்டுக்குத் தட்டினது நான்தான்.”

“தெரியும்,” என்றது முள்ளப்பன். “இன்னைக்குத் தட்டாததும் நீதான்.”

நீதி: ஒருவர் முகத்தைப் பார்த்துத் தனியே சொல்லக் கூசும் சொல்லைக் கூட்டத்தோடு நின்றும் சொல்லாதே.