பாவாடை என்று கூப்பிட்டாள்

செஞ்சிப் பக்கம் ஒரு சிறிய மடம். அதை நடத்திவந்தவர் வாலாம்பிகை அம்மை. தீட்சை கேட்டு அவரிடம் வந்தவருக்கு அவரைவிட வயது கூட. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெயர் பாவாடை. குலதெய்வம் பாவாடைராயனுக்கு நேர்ந்து வைத்த பெயர்.

பள்ளியில் சிரித்தார்கள். டிப்போவிலும் சிரித்தார்கள். அதெல்லாம் பழகிப்போயிற்று. மகள் தன் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயரைச் சுருக்கி ஒற்றை எழுத்தாகப் போட்டதுதான் வலித்தது.

தீட்சையின்போது புதுப் பெயர் வைப்பது மடத்து வழக்கம். அதற்காகவே வந்ததாக மறைக்காமல் சொன்னார்.

அன்று அமாவாசை. சாப்பாட்டுக்குக் கூட்டம் வந்திருந்தது. இந்தப் பெயரைக் கேட்டால் மனசில் என்ன வருகிறது என்று அவர்களிடம் விசாரித்துவிட்டு வரச் சொன்னார் அம்மை.

கூச்சத்தோடுதான் போனார். கல்லூரிப் பெண் ஒருத்தி, ஆம்பளைக்கா இந்தப் பெயர் என்றாள். பூக்காரருக்கு முறுக்கு மீசையும் கையில் வாளுமாக ஓர் ஆள் தெரிந்தாராம். தன்னிடம் கடன் வாங்கிய மாமாதான் ஞாபகத்துக்கு வருகிறார் என்றார் இன்னொருவர். கேட்கக் கேட்க அவருக்கே ஆவல் பிடித்துக்கொண்டது. சாப்பிட மறந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனார்.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். அவருடைய வயதில் பாதிதான் இருக்கும். அது செத்துப்போன தன் தம்பியின் பெயர் என்றாள். அவன் போன பிறகு வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுப்பதே இல்லையாம்.

"ஒரு தடவை கூப்பிட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அவர் தலையசைத்தார்.

அவள் வயல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோறு ஆறுகிறது, வா என்பதுபோல, "பாவாடை" என்றாள்.

"என்னக்கா?"

அவர் யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்தப் பொண்ணு கூப்பிட்டது என்னை இல்லம்மா. தெரிஞ்சும் பதில் சொல்லிட்டேன்."

அம்மை கேட்டார்.

"உங்களைக் கூப்பிடலைன்னா, பதில் சொன்னது யாருங்க?"