நாவல் போட்ட கள்

ஆனைக்குன்றம் ஜமீன் புலவருக்கு நாவலர் என்று பட்டம். கள் என்ற சொல்லே வாயில் வரக்கூடாதென்று, 'மரங்கள்' என்பதைக்கூட 'மரம் பல' என்றுதான் சொல்வார்.

ஜமீன்தார் ருசி பார்க்க ஆசைப்பட்டாரென்று, பனையேறி கொம்பையா கள்ளில் நாவற்பழத்தைப் பிசைந்துபோட்டு, மூன்று நாள் புளிக்கவிட்டு, ஒரு பானை கொண்டுவந்து அரண்மனையில் இறக்கிவைத்தான். சற்று நேரம் கழித்து ஜமீன்தார் வந்து திறந்து பார்த்தால் பாதிப் பானைதான் இருந்தது.

"பனையேறிதான் வழியில் குடித்திருப்பான்," என்றார் நாவலர்.

"குடித்தவனைக் காட்டு. இல்லாவிட்டால் உனக்கு இருபது கசையடி," என்றார் ஜமீன்தார் கொம்பையாவிடம்.

கொம்பையா கும்பிட்டான். "எசமான் முதல்ல ஒரு வாய் ருசி பாக்கணும்."

ஜமீன்தார் குடித்தார். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "பலே!" என்று சப்புக்கொட்டியபோது அவர் நாக்கு கருநீலமாகியிருந்தது.

கொம்பையா தன் நாக்கை நீட்டிக் காட்டினான். சிவப்பாக இருந்தது. "இப்ப நாவலரு எசமானை வாழ்த்தி ஒரு பாட்டுப் பாடட்டும்."

வாழ்த்துப் பாடச் சொல்லியும் வாய் திறக்காத நாவலரை ஜமீன் அன்றுதான் பார்த்தது.

"நாக்கை நீட்டும்!" என்று அதட்டினார் ஜமீன்தார். நீட்டினார். கருநீலம்.

"ஐயா வாயில கள்ளு வராதுங்கறது நெசந்தான் எசமான்," என்றான் கொம்பையா. "வெளிய வரத்தான் தடை. உள்ள போறதுக்கு இல்ல."