சக்கரத்துக்கு வைத்த கல்

குன்னூரில் கம்பளிக் கடை வைத்திருந்த கனகசபைக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஒரு குரு வாய்த்தாள். பெயர் ரெஜினா. அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தங்கள் கையாலேயே பழுது பார்க்கக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. யார் வண்டியிலும் அவள் ஸ்பேனர் வைக்க மாட்டாள். சொந்தக்காரர்தான் கழற்ற வேண்டும், அவரேதான் மாட்டவும் வேண்டும்.

கனகசபையின் கார் மச்சினன் இளவரசு ஓட்டிவிட்டு விலைக்குக் கொடுத்தது. வாங்கிய மறுநாளே இன்ஜினில் ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்த்தார். அளவுக் கோட்டுக்குக் கீழே இருந்தது. கோடு வரைக்கும் ஊற்றினார். கொஞ்ச நாளில் மறுபடி குறைந்தது. மறுபடி ஊற்றினார். அப்புறம் பின்னால் நீலப் புகை கிளம்ப ஆரம்பித்தது.

மனுஷனுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வண்டிக்கு அடியில் அட்டை விரித்துவைத்தார். அட்டையில் ஒரு சொட்டு இல்லை. நிம்மதி வரவேண்டிய இடத்தில் இன்னும் பெரிய சந்தேகம் வந்தது: அப்படியானால் உள்ளேயே எரிகிறது, இன்ஜின் போய்விட்டது, மச்சினன் தெரிந்தேதான் தலையில் கட்டிவிட்டான். ஆயில் கடைக்காரன் மேல் சந்தேகப்பட்டுக் கடையை மாற்றினார். மெக்கானிக் யாராவது கைவைக்கிறானா என்று கண்டுபிடிக்க, மகளுடைய நகப்பாலீஷை எடுத்து ஆயில் ஊற்றும் மூடிக்கும் போல்ட்டுகளுக்கும் சிவப்புப் பொட்டு வைத்தார். மூடியைத் தானே திறந்தாலும் மூடியதும் புதுப் பொட்டு வைத்துவிடுவார்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் வீட்டு வழக்கப்படி முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. அந்தத் தாய்மாமன் இளவரசு. ஏமாற்றியவன் வாசலில் தட்டோடு நிற்க மாட்டேன் என்றார் கனகசபை. அச்சடித்த பத்திரிகைக் கட்டு பிரிக்காமல் கிடந்தது. அவர் மனைவி தேன்மொழி தட்டில் வெற்றிலையை எடுத்து வைப்பதும், வாடியதும் மாற்றுவதுமாக இருந்தாள். ஒரே தம்பி. அவள் அழுதது அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டது.

அவர் ரெஜினாவிடம் வந்து கேட்டது ஒன்றுதான். இன்ஜினைப் பிரிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், மச்சினன் மறைத்தது என்னவென்று தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

"ஆயிலை எங்க நிறுத்திப் பாப்பீங்கண்ணா?"

"வீட்டு வாசல்லதான்."

அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னாள். அவளுக்கே ஷெட் இருக்கும்போது மைதானம் எதற்கு என்று அதிலும் அவருக்கு ஒரு சந்தேகம். இருந்தாலும் கொண்டுபோனார். இறங்கியதும் டிக்கியிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அடியில் வைக்கக் குனிந்தார்.

"இங்க எதுக்குங்கண்ணா கல்லு?"

அவர் சுற்றிப் பார்த்தார். மைதானம் தட்டையாக இருந்தது. அசடு வழியக் கல்லைத் திரும்ப உள்ளே போட்டார்.

இன்ஜின் ஆறும்வரை காத்திருக்கச் சொன்னாள். அந்த நேரம் முழுவதும் அவர் மச்சினனைத் திட்டித் தீர்த்தார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கம்பியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுக்கச் சொன்னாள்.

மேல் கோட்டையும் தாண்டி வெகுதூரம் ஆயில் ஏறியிருந்தது.

கனகசபை கம்பியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நீங்க ஏதாச்சும் ஊத்துனீங்களா டீச்சர்?"

"மூடியப் பாருங்கண்ணா."

காலையில் அவரே வைத்த சிவப்புப் பொட்டு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது.

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, ஆயில் வடிக்கும் போல்ட்டை அவரே தளர்த்தினார். கூடுதலாக இருந்த ஆயில் கேனில் இறங்கியது. கம்பியில் சரியான அளவு வந்ததும் வண்டியைக் கிளப்பச் சொன்னாள். முதலில் குபுகுபுவென்று புகை வந்தது. மைதானத்தைச் சுற்றி ஓட்ட ஓட்டக் குறைந்தது. கடைசியில் நின்றேவிட்டது.

சரிவில் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றால் ஆயில் பின்பக்கம் ஒதுங்கும், முன்பக்கம் இருக்கும் கம்பிக்குக் குறைவாகத்தான் எட்டும் என்றாள் ரெஜினா. குறைகிறது என்று நினைத்து அவர் ஊற்றிய ஆயில்தான் அத்தனை நாளும் எரிந்து புகையாக வந்ததாம்.

"எங்க வாசல் சரிவுன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? தினமும் கல்லு வைக்கிறதே நான்தான். பின்ன எப்படி இது தோணாமப் போச்சு?"

"கல்லு வைக்கும்போது என்னண்ணா நெனப்பீங்க?"

"என்ன நெனக்கிறது. வண்டி உருண்டுறக் கூடாதுன்னுதான்."

"கம்பிய உருவும்போது?"

"மச்சினனத்தான்," என்றார் அவர்.

எண்ணெய்க் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன் போட்டார். தேன்மொழி எடுத்தாள்.

"தட்டுல இருக்கற வெத்தல வாடிருச்சா?" என்று கேட்டார்.