விளிம்பு வரை காப்பி

'தாளமே இல்லாத வாசிப்பு ஒரு வாசிப்பா?' என்று பவளம் கேட்டாள். சௌந்தரி அதற்குக் காப்பி போட்டாள்.

நடந்தது இதுதான்.

கோயம்புத்தூரில் சௌந்தரி வீட்டு ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் கச்சேரி இருக்கும். சோபாவைப் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டு ஜமக்காளம் விரித்தால், முட்டி இடிக்க முப்பது பேர் உட்காரலாம். மேடை என்று பேர்தான். நாலு செங்கல் மேல் ஒரு பலகை. ஒருத்தர் அசைந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆடும். வாசிக்க வருகிறவர்கள் எல்லாம் சின்ன வயசுக்காரர்கள். எந்த நாடு, எந்த வாத்தியம் என்று சௌந்தரி பார்ப்பதில்லை. பெரிய சபாக்காரன் இன்னும் உன்னைக் கூப்பிடவில்லையா, வா. அவ்வளவுதான் தகுதி.

முதல் பாதியில் வந்தவர் தனியாக வாசிப்பார். இரண்டாம் பாதியில் சௌந்தரியிடம் மிருதங்கம் கற்கும் ஒருவர் கூட உட்காருவார். இந்தத் தடவை பவளத்தின் முறை. இதற்காக ஒரு வருஷம் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்கு வராத வேலை. அதையும் செய்தாள்.

வந்தவள் பேர் நெகார். ஈரான்காரி, புனேயில் படிக்கிறாள். வாத்தியம் கமான்சே. தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிய குடம், மேலே நீளக் கழுத்து. முட்டி மேல் நிறுத்தி வில்லால் இழுக்க வேண்டும். வில் தந்தியைத் தேடிப் போகாது. வாத்தியமே திரும்பித் திரும்பித் தந்தியை வில்லுக்குக் காட்டும்.

இழுத்தாள்.

பவளத்தின் வலது கை தானாகத் தொடையில் விழுந்தது. ஆதி தாளம். பாட்டு என்று ஒன்று காதில் விழுந்தால் அந்த ஹாலில் எல்லார் கையும் தொடைக்குத்தான் போகும். கொஞ்ச நேரம் ஒட்டியது, பிறகு விட்டது. ரூபகம் போட்டாள். அதுவும் விட்டது. சரி, சாப்பு தாளமாக இருக்கும் என்று இன்னும் அழுத்தித் தட்டினாள். பின்னால் இருந்த பரமசிவம், ரிட்டயரான தலைமையாசிரியர், அவளைப் பார்த்துத் தட்டினார். அவரைப் பார்த்து அந்த வரிசையே தட்டியது. ஆளுக்கு ஒரு தாளம்.

நெகாரின் கண் வில்லை விட்டுவிட்டு அந்தக் கைகளுக்குப் போனது. வில் தடுமாறியது. நின்றது. தலை குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு, வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பவளம் சமையலறைக்குப் பாய்ந்தாள். சௌந்தரி பாலை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பொண்ணுக்குத் தாளமே நிக்கல."

"அப்படியா?"

"தெரிஞ்சதெல்லாம் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் ஒட்டல. தாளமே இல்லாத வாசிப்பு ஒரு வாசிப்பாக்கா?"

"என்ன வாசிச்சா?"

"அதான் சொல்றனே, தாளம்..."

"தாளம் கிடக்கட்டும். வாசிச்சத கொஞ்சம் முணுமுணுத்துக் காட்டு."

பவளம் வாயைத் திறந்தாள். ஒரு சுரம்கூட வரவில்லை. தட்டியது ஞாபகம் இருந்தது. விட்டது ஞாபகம் இருந்தது. அந்தப் பெண் இழுத்தது மட்டும் இல்லை.

சௌந்தரி பால் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

நெகார் சமையலறை வாசலில் வந்து நின்றாள். தோளில் பை.

"மன்னிச்சுக்கங்க," என்றாள் இங்கிலீஷில். "ரெண்டாம் பாதி என்னால முடியாது. எல்லாரும் எதுக்கு என்னைத் துரத்தறாங்க?"

"துரத்தறமா? நாங்க கூடவே வந்தோம்!" என்றாள் பவளம்.

நெகார் அவளைப் பார்த்தாள். "முன்னாடி ஓடிட்டு வந்தது நீதான்."

பவளத்துக்கு முகம் செத்துவிட்டது. ஒரு வருஷம். போச்சு.

"ஒண்ணே ஒண்ணு வாசி," என்றாள் சௌந்தரி. "பாதியில விட்டியே, அதையே. அப்புறமும் கிளம்பறேன்னா நானே ஸ்டேஷன்ல கொண்டுபோய் விடறேன்."

நெகார் சரி என்று சொல்லவில்லை. பையை இறக்கவும் இல்லை.

சௌந்தரி டம்ளர்களைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் விளிம்பு வரை காப்பி ஊற்றினாள். நுரை மேலே எட்டிப் பார்த்தது.

"அக்கா, கொட்டிரும்."

"கொட்டக் கூடாது. ஆளுக்கு ஒண்ணு குடு."

"டபரா?"

"கிடையாது."

"கை வெந்துருங்க்கா."

"ரெண்டு கையாலயும் விளிம்பப் பிடிச்சா வேகாது."

பவளம் தட்டோடு நத்தை மாதிரி நடந்தாள். போய்ப் போய் வந்தாள். ஹாலில் ஒரே முனகல்.

"ஏனுங்க அம்மிணி, டபரா இல்லீங்களா?" என்றார் பரமசிவம்.

"இல்லீங்க சார்."

"அப்பக் கீழ வெச்சுக்கறனுங்க."

"ஜமக்காளத்துல சிந்துனா நீங்கதான் துவைச்சுக் கொண்டாரணும் சார்," என்று உள்ளேயிருந்து சௌந்தரியின் குரல் வந்தது.

பரமசிவம் டம்ளரைக் கோயில் தீர்த்தம் மாதிரி ஏந்திக்கொண்டார். கடைசி டம்ளரோடு பவளமும் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

நெகார் எட்டிப் பார்த்தாள். ஹால் முழுக்க ஆட்கள், டம்ளரை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, மூச்சு விடவும் யோசித்துக்கொண்டு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையை இறக்கி வைத்தாள்.

அதே வாசிப்பு. பவளத்தின் விரல் துடித்தது. துடித்த உடனே காப்பி வழிந்து கட்டைவிரலைச் சுட்டது. அடக்கினாள். பின்னால் பரமசிவத்தின் கால் பழக்கதோஷத்தில் ஆடியது. வேட்டியில் கொட்டிக்கொண்டு "ஸ்ஸ்" என்றார். அதோடு அவரும் அடங்கினார்.

வில் ஓரிடத்தில் நின்றது. பவளம் எண்ணப் பார்த்தாள். கை இல்லாமல் எண்ண வரவில்லை. அடுத்தது எப்போது வரும் என்று தெரியாதது எரிச்சலாக இருந்தது. வந்தது. மறுபடி நின்றது. எரிச்சல் எப்போது போனது என்று அவள் கவனிக்கவில்லை. அடுத்து என்ன, அடுத்து என்ன என்பது மட்டும் இருந்தது. குரல் கம்மிய ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விழுங்கி, மறுபடி சொல்ல வருகிற மாதிரி இருந்தது. அப்படி ஒருத்தியிடம் போய் சீக்கிரம் சொல்லு என்று யார் கேட்பார்கள்?

முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. தட்டக் கை இல்லை. குடிக்கலாம் என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

பவளம் குனிந்து பார்த்தாள். காப்பி மேல் ஆடை படிந்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

நெகார் எழுந்திருக்கவில்லை. பவளத்தைப் பார்த்தாள். பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

பவளம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மிருதங்கத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். கை இரண்டும் இப்போது சும்மா இருந்தன. அதுதான் பயமாக இருந்தது. சௌந்தரி காப்பிச் செம்போடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா," என்றாள் பவளம் மெல்ல, "இதுக்கு என்ன தாளம் வாசிக்கறது?"

சௌந்தரி அவளுடைய டம்ளரை எடுத்தாள். ஆடையை வழித்துவிட்டு, செம்பிலிருந்து மறுபடி விளிம்பு வரை ஊற்றினாள். பலகையில் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

"சிந்தாம வாசி."